வெள்ளி உடலில் சிவப்பு எண்: 300 எஸ்எல்ஆர் பந்தயக் காரை எப்படிப் பார்ப்பது?

மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்எல்ஆர் பந்தயக் காரைக் காட்சியில் பார்த்துவிட்டு வந்த நீங்கள், அதன் முன்னால் மக்கள் ஏன் அவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் நுட்பம் தெரியாத ஒருவர் அதில் எதைப் பார்க்க வேண்டும், அது அபூர்வமானது என்று சொல்வது எண்ணிக்கையை வைத்தா, விலையை வைத்தா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது வழவழப்பான, பழைய, வெள்ளி நிறக் கார். அதற்கு மேல் உங்களுக்கு எதுவும் தோன்றவில்லை. அதில் உங்கள் குறை ஒன்றும் இல்லை. இத்தகைய கார்களைக் காட்சிக்கு வைப்பவர்கள் பெரும்பாலும் பெயர், ஆண்டு, குதிரைத்திறன் ஆகியவற்றைப் பலகையில் எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

அழகு என்ற இடத்திலிருந்து தொடங்காதீர்கள் என்பதே என் முதல் யோசனை. சாலையில் ஓடுவதற்காக விற்கப்படும் காரில், வாங்குபவரின் கண்ணுக்காகவே வைக்கப்பட்ட பொருள்கள் நிறைய இருக்கும்; பளபளக்கும் உலோகப் பட்டை, தேவையில்லாத மடிப்பு, வெறும் தோற்றத்துக்கான காற்றுத் துளை என்று பலவற்றைச் சொல்லலாம். ஆனால் 300 எஸ்எல்ஆர் யாருக்கும் விற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதைச் செய்தவர்கள் வாங்குபவரை மகிழ்விக்க வேண்டியிருக்கவில்லை. எடை, வெப்பம், காற்று, சாலை, போட்டி விதி ஆகிய ஐந்துக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே அந்த உடலில் எந்தத் துளையைப் பார்த்தாலும், எந்தப் புடைப்பைப் பார்த்தாலும், இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் விடை உண்டு. அங்கே நெடுநேரம் நிற்பவர்கள் மனத்துக்குள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

தொடர்வதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சிறகு போல மேல்நோக்கித் திறக்கும் கதவுகளைக் கொண்ட, பலரும் படங்களில் பார்த்திருக்கும் 300 எஸ்எல் என்பது வேறு கார். அது ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட, கடையில் விற்கப்பட்ட கார். அந்தக் கூரையுள்ள வடிவத்தில் மட்டும் 1,400 கார்கள் செய்யப்பட்டன. 300 எஸ்எல்ஆர், பெயரளவில் அதன் உறவு போலத் தெரிந்தாலும், உண்மையில் அதே நிறுவனம் 1954-ல் களமிறக்கிய டபிள்யூ 196 என்ற ஃபார்முலா 1 காரின் உடன்பிறப்பு. அந்த ஃபார்முலா 1 காரின் எட்டு சிலிண்டர் எஞ்சினை ஏறத்தாழ 2.5 லிட்டரிலிருந்து 3 லிட்டராகப் பெருக்கி, இரண்டு பேர் உட்காரும் அகலத்துக்கு உடலை விரித்து, 1955-ஆம் ஆண்டின் உலக ஸ்போர்ட்ஸ் கார் வாகையர் போட்டிக்காக உருவாக்கியதுதான் நீங்கள் பார்த்த கார். ஸ்போர்ட்ஸ் கார் என்ற பிரிவில் ஓட வேண்டுமானால் இரண்டு இருக்கை இருக்க வேண்டும், சக்கரங்கள் மூடியிருக்க வேண்டும், முகப்பு விளக்கு இருக்க வேண்டும். அந்தக் காரில் வீட்டுக் காரைப் போலத் தோன்றும் அம்சங்கள் எல்லாம் விதிப்புத்தகம் திணித்தவை. மற்றவை எல்லாம் முழுப் பந்தயக் கார்.

இப்போது காரின் வலப்பக்கம் வந்து நில்லுங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால், உடலின் பக்கவாட்டிலிருந்தே இரண்டு குட்டையான புகைக் குழாய்கள் வெளியே வருவதைக் காண்பீர்கள். வழக்கமாக வண்டியின் வால்வரை செல்ல வேண்டிய குழாய் இங்கே பாதியிலேயே வெளியேறிவிடுகிறது. குழாய் நீளமானால் எடை கூடும். அது உட்காருமிடத்துக்கு அடியில் சென்றால் ஓட்டுநர் வெந்துபோவார். எனவே மிகக் குறுகிய வழியில் வெளியே தள்ளிவிட்டார்கள். பானெட்டின் உயரத்தையும் கவனியுங்கள். ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர் நிற்கும் எஞ்சின் நெடியது, உயரமானது. அதை நேராக நிறுத்தினால் முகப்பு உயர்ந்து காற்றைத் தடுக்கும். ஆகவே எஞ்சினையே ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். கார் அவ்வளவு தாழ்ந்து பதுங்கியிருப்பதற்கு அதுதான் காரணம். பக்கவாட்டில் முன்சக்கரத்தை ஒட்டியிருக்கும் திறப்புகள், உள்ளே சேரும் சூடான காற்று வெளியேறுவதற்கானவை.

அந்த எஞ்சினைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். பானெட் மூடியிருந்தாலும், உள்ளே இருப்பது தெரிந்தால் பார்வை மாறிவிடும். சாதாரண எஞ்சினில், காற்றும் புகையும் சென்றுவரும் வாயிலின் மூடியான வால்வை, சுழலும் தண்டில் உள்ள கேம் என்ற புடைப்பு திறக்கிறது, ஸ்பிரிங் மூடுகிறது. எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாமல், வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் மிதக்கத் தொடங்கும். பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடித்தால் எஞ்சின் அதோடு முடிந்தது. 300 எஸ்எல்ஆரில் மூடுவதற்கும் தனியாக ஒரு கேம் உண்டு. திறப்பதும் கேம்தான், இழுத்து மூடுவதும் கேம்தான்; ஸ்பிரிங்கின் தயவு தேவையில்லை. இந்த ஏற்பாட்டுக்கு டெஸ்மோட்ரோமிக் என்று பெயர். எரிபொருளும், காற்றோடு அதைக் கலக்கும் கார்புரேட்டர் வழியாக வராமல், பாஷ் நிறுவனத்தின் பம்ப் ஒன்றால் உயர் அழுத்தத்தில் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. போர்க்கால விமான எஞ்சின்களில் ஜெர்மானியர்கள் பழகியிருந்த நுட்பம் அது. இன்று பெட்ரோல் கார்களில் பரவலாக உள்ள நேரடி எரிபொருள் பீய்ச்சலை 1955-லேயே நெடுந்தூரப் பந்தயத்தில் ஓட்டிக் காட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. இவையெல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 300 குதிரைத்திறனை, சுமார் 900 கிலோ எடையுள்ள ஒரு காருக்குக் கொடுத்தன.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இன்னொன்று. பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும், எட்டு சிலிண்டருக்கான கிராங்க்‌ஷாஃப்ட் நீளமானது. நீளமான தண்டை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு மறுமுனையிலிருந்து முறுக்கினால் அது அதிர்ந்து, நாளடைவில் முறிந்துவிடும். அதைத் தவிர்க்க, நான்கு சிலிண்டர் கொண்ட இரண்டு தொகுதிகளாக எஞ்சினைப் பிரித்து, சக்தியைத் தண்டின் முனையிலிருந்து எடுக்காமல் நட்டநடுவிலிருந்து பற்சக்கரம் வழியாக எடுத்தார்கள். அங்கிருந்து அந்தச் சக்தி, பின்புறத்தில் வைக்கப்பட்ட ஐந்து கியர் பெட்டிக்குச் செல்கிறது. கனமான கியர் பெட்டியைப் பின்னால் வைத்ததால் முன்பக்கத்துப் பாரம் குறைந்தது.

இந்த அமைப்பின் விளைவை ஓட்டுநரின் இருப்பிடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். தடுப்புக் கயிறு அனுமதிக்கும் அளவுக்கு எட்டிப் பாருங்கள். சக்தியைக் கடத்தும் தண்டு ஓட்டுநரின் கால்களுக்கு நடுவே செல்வதால், அவர் காலை அகட்டி, அந்த மேட்டின் இருபுறமும் பாதங்களை வைத்து உட்கார வேண்டும். கிளட்ச் பெடல் ஒரு பக்கம் தனியாகவும், பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மறுபக்கமும் இருக்கின்றன. ஸ்டீயரிங் பெரியது, மரப்பிடி கொண்டது. அன்று சக்கரத்தைத் திருப்ப உதவி எதுவும் கிடையாது, தோள் வலிமையால்தான் திருப்ப வேண்டும். இருக்கையில் கட்டம் போட்ட துணி. சீட் பெல்ட் இல்லை. விபத்து நேர்ந்தால் காரோடு கட்டுண்டு எரிவதைவிட வெளியே தூக்கி எறியப்படுவதே மேல் என்று அன்றைய ஓட்டுநர்களில் பலர் நம்பினார்கள். எதிரே உள்ள வட்டமான மானிகளில் மிகப் பெரியது எஞ்சின் சுழற்சியைக் காட்டுவது. ஓட்டுநருக்குத் தெரிய வேண்டியது எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பதல்ல, எஞ்சின் எந்த எல்லையில் இருக்கிறது என்பதுதான்.

சக்கரத்தின் கம்பிகளுக்கு ஊடே பிரேக்கைத் தேடினால் அங்கே கிடைக்காது. இந்தக் காரின் டிரம் பிரேக்குகள் சக்கரத்துக்குள் அடங்காத அளவு பெரியவை. அதனால் அவற்றைக் காரின் உடலுக்குள் வைத்து, தண்டின் வழியாகச் சக்கரத்தோடு இணைத்தார்கள். இதனால் சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும் எடையும் குறைந்தது. ஆனாலும் பிரேக்தான் இந்தக் காரின் பலவீனமான இடம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஜாகுவார் நிறுவனம் 1953-லேயே டன்லப் டிஸ்க் பிரேக்குகளோடு பிரான்சின் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றுவிட்டது. டிஸ்க் இல்லாத மெர்சிடிஸ், 1955 லீ மான் பந்தயத்துக்கு வேறொரு வழியைக் கண்டுபிடித்தது: ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள உடற்பகுதியே ஒரு பெரிய தகடாக நிமிர்ந்து, காற்றைத் தடுத்துக் காரை நிறுத்த உதவியது. பொறியாளர்களின் மேதைமைக்குச் சான்றாக இதைப் பலர் காட்டுவார்கள். நான் இதை எதிராளியிடம் இருந்த நல்ல பிரேக் தங்களிடம் இல்லாததன் ஒப்புதலாகவே பார்க்கிறேன். ஆயினும் கெட்டிக்காரத்தனமான ஒப்புதல்.

உடலின் தகடு எலக்ட்ரான் என்ற மெக்னீசியக் கலவையால் ஆனது. அலுமினியத்தைவிட இலேசானது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்; ஆனால் மெக்னீசியம் தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம். 1955 ஜூன் 11 அன்று லீ மானில், பியர் லெவே ஓட்டிய 300 எஸ்எல்ஆர், முன்னால் விலகிய ஒரு ஆஸ்டின்-ஹீலி காரின் பின்பக்கத்தில் ஏறி, பார்வையாளர்களின் பக்கமாகப் பறந்து சிதறியது. ஓட்டுநரும் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். பந்தயம் நிறுத்தப்படவில்லை, நள்ளிரவுக்குப் பிறகு மெர்சிடிஸ், முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த தன் காரையும் சேர்த்து எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஆண்டின் முடிவில் நிறுவனம் பந்தயத்தை விட்டே விலகியது. சுவிட்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயங்களையே தடை செய்தது. 300 எஸ்எல்ஆரைப் புகழும் எவரும் இந்தச் சம்பவத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பேசக் கூடாது என்பது என் கருத்து. நீங்கள் வியந்து பார்க்கும் அதே இலேசான தகடுதான் அன்று எரிந்தது.

சரி, காரின் உடலில் எழுதியிருக்கும் 722 என்ற சிவப்பு எண்ணுக்கு வருவோம். பலரும் அதை ஒரு சாதாரணப் போட்டி எண் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இத்தாலியின் மிலே மீலியா பந்தயம் பிரேஷா நகரில் தொடங்கி, ரோம் வரை சென்று, மீண்டும் பிரேஷாவுக்கே திரும்பும் ஏறத்தாழ 1,600 கி.மீ. ஓட்டம். தனிப் பாதை கிடையாது. ஊர்த் தெரு, மலைப்பாதை, ரயில் கடவு எல்லாம் வழியில் வரும் பொதுச் சாலையிலேயே ஓட வேண்டும். சிறிய, மெதுவான கார்கள் முந்தின இரவே ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். வேகமான கார்கள் காலையில் கடைசியாகக் கிளம்பும். ஒவ்வொரு காரும் புறப்படும் நேரமே அதன் எண். 722 என்றால் காலை 7 மணி 22 நிமிடம். சாலையோரம் நிற்பவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தே, எந்தக் கார் முந்துகிறது, எது பிந்துகிறது என்று கணக்கிட்டுவிடலாம். பார்வையாளரையும் போட்டிக்குள் இழுத்துக்கொண்ட இவ்வளவு எளிய ஏற்பாடு வேறு பந்தயத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

1955 மே 1 அன்று அந்தக் காரை ஓட்டியவர் இங்கிலாந்தின் ஸ்டர்லிங் மாஸ். அருகில் உட்கார்ந்திருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடி வைத்த பத்திரிகையாளர், பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 1949-ல் எரிக் ஆலிவரோடு சேர்ந்து உலக வாகையர் ஆனவர். உள்ளூர் இத்தாலிய ஓட்டுநர்களுக்குச் சாலை மனப்பாடம். வெளிநாட்டவரான மாஸுக்கு ஒவ்வொரு வளைவும் நினைவில் நிற்க வழியில்லை. அதற்கு அவர்கள் கண்ட மாற்று, முன்கூட்டியே பாதை முழுவதையும் பலமுறை ஓட்டிப் பார்த்து, வளைவுகளையும் மேடுகளையும் ஆபத்துகளையும் குறித்து, அந்தக் குறிப்புகளை ஐந்து மீட்டருக்கும் அதிக நீளமுள்ள காகிதச் சுருளில் எழுதிக்கொள்வது. அந்தச் சுருளை, ஒளிபுகும் மூடி கொண்ட ஓர் அலுமினியப் பெட்டிக்குள் இரண்டு உருளைகளில் சுற்றி, ஜென்கின்சன் ஓட ஓடத் திருகிக்கொண்டே வந்தார். எஞ்சின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது என்பதால், கையசைவுகளாலான சைகை மொழி ஒன்றை இருவரும் முன்னரே பேசி வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு மேடு வருகிறது, அதற்கப்பால் சாலை நேராக இருக்கிறது என்று ஜென்கின்சன் சைகை காட்டினால், கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாலையை நம்பி, மாஸ் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் மணிக்கு 270 கி.மீ. வேகத்தில் மேட்டைத் தாண்டுவார். ஓரிடத்தில் கார் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பிப் பறந்தது. வழியில் குமட்டல் தாளாமல் ஜென்கின்சன் வெளியே தலையை நீட்டியபோது அவருடைய கண்ணாடி காற்றில் பறந்துபோனது. நல்லவேளையாக இன்னொன்று கைவசம் இருந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 10 மணி 7 நிமிடம் 48 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 157 கி.மீ.க்குச் சற்று மேல். இரண்டாவதாக வந்தவர் அதே வகைக் காரில் தனியாக ஓட்டிய, அன்றைய ஃபார்முலா 1 உலக வாகையர் ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோ, ஏறத்தாழ அரைமணி நேரம் பின்தங்கி வந்தார். ஃபாஞ்சியோவைவிட மாஸ் சிறந்த ஓட்டுநர் என்பதற்கு இதைச் சான்றாக்க வேண்டாம்; அன்று ஃபாஞ்சியோவின் எஞ்சின் முழு நலத்தோடு ஓடவில்லை, அவருக்கு அருகில் சுருளைத் திருகவும் ஆள் இல்லை. 1957-ல் மார்க்கிஸ் டி போர்டாகோவின் ஃபெராரி சாலையோர மக்கள்மேல் பாய்ந்து குழந்தைகள் உட்படப் பலர் இறந்ததோடு அந்தப் பந்தயமே முடிவுக்கு வந்துவிட்டதால், 722 வைத்த சாதனை முறியடிக்கப்படாமலேயே நிற்கிறது. அதே 300 எஸ்எல்ஆர் வரிசை 1955-ன் கடைசியில் சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தையும் வென்று வாகையர் பட்டத்தைப் பெற்றது. அத்துடன் அதன் பந்தய வாழ்வும் முடிந்தது. முழுமையாக ஒரே ஒரு பருவம்.

இனி அபூர்வம் பற்றிய உங்கள் கேள்வி. 300 எஸ்எல்ஆர் செய்யப்பட்டது மொத்தம் ஒன்பது. அவற்றில் ஒன்று லீ மானில் அழிந்தது, இரண்டு கூரையுள்ள கார்களாக மாறின. அந்த இரண்டும், மெக்சிகோவின் கரேரா பான்அமெரிகானா பந்தயத்துக்காகத் திட்டமிடப்பட்டு, லீ மான் விபத்துக்குப் பின் அந்தப் பந்தயமே ரத்தானதால் வேலையில்லாமல் போனவை. தலைமைப் பொறியாளர் ருடோல்ஃப் உலன்ஹாட், பக்கவாட்டுக் குழாய்களில் பெட்டி அளவுக்கு ஒரு சைலன்சரைப் பொருத்தி, அவற்றில் ஒன்றைத் தன் அலுவலகக் காராகவே ஓட்டினார். 2022 மே மாதம் அந்த இரண்டில் ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. ஏலத்தில் ஒரு காருக்கு அதுவரை எவரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அந்தத் தொகையை நிறுவனம் இளைஞர்களுக்கான உதவித்தொகை நிதிக்கு ஒதுக்கியது. பந்தயமே ஓடாத கார் உலகிலேயே விலையுயர்ந்த காராக ஆனது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். விலையைப் பார்த்து மதிப்பை எடைபோட வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

எண்ணிக்கையும் தனியாக ஒன்றும் சொல்லாது. எத்தனை கார் செய்யப்பட்டது என்பது பல நேரங்களில் விதிப்புத்தகத்துடன் நடந்த இழுபறியின் முடிவுதான். சாலைக் கார்களை ஒட்டிய பந்தயக் கார்களுக்கான ஜிடி பிரிவில் சேர்க்க 100 கார் செய்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தபோது, ஃபெராரி 250 ஜிடிஓ 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்டது. ஏற்கெனவே உள்ள 250 ஜிடி காரின் திருத்திய வடிவம் இது என்று வாதிட்டு ஃபெராரி நிறுவனம் அனுமதி வாங்கிக்கொண்டது. போர்ஷே 917 விஷயத்தில் நேரெதிர்: 25 கார் இருக்க வேண்டும் என்ற விதிக்காக, 1969 ஏப்ரலில் 25 கார்களைத் தொழிற்சாலை முற்றத்தில் வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். ஆகவே ஒன்றைக் காணும்போது, எத்தனை செய்தார்கள் என்பதோடு நிற்காமல், ஏன் அத்தனை செய்தார்கள் என்றும் கேளுங்கள். இந்த இரண்டு கார்களையும் நேரில் பார்க்க வாய்த்தால், ஜிடிஓவின் மூக்கில் பாதிவட்ட வடிவில் உள்ள மூன்று மூடிகளைத் தேடுங்கள். வெயில் கூடினால் அவற்றைக் கழற்றி ரேடியேட்டருக்கு அதிகக் காற்று விடலாம், குளிர்ந்தால் மூடிவிடலாம். 917-ன் சட்டம் மெல்லிய அலுமினியக் குழாய்களால் ஆனது. அந்தக் குழாய்களுக்குள் அழுத்தத்தில் வாயுவை அடைத்து, ஒரு மானியையும் வைத்தார்கள். மானியின் முள் இறங்கினால் எங்கோ குழாயில் விரிசல் விழுந்திருக்கிறது என்று பொருள். சட்டம் முறியக்கூடும் என்று தெரிந்தே, அதை முன்கூட்டி அறிய ஓர் அளவுகருவியையும் வைத்துக்கொண்டு மணிக்கு 300 கி.மீ.க்கும் மேல் ஓட்டிய காலம் அது.

அப்படியானால் அபூர்வம் எதில் இருக்கிறது? என் பார்வையில், அந்தப் பந்தயத்தை ஓடிய உலோகம் அதே உலோகமாக இன்னும் இருப்பதில் இருக்கிறது. இது சொல்வதைவிடச் சிக்கலானது. பந்தயக் கார் ஓடிய காலத்திலேயே எஞ்சின் மாற்றப்படும், மோதிய முகப்பு தட்டி நிமிர்த்தப்படும் அல்லது புதிதாகப் பொருத்தப்படும். 722-ம் மிலே மீலியாவின்போது படுவா நகரில் வைக்கோல் கட்டுகளில் இடித்துக்கொண்டுதான் போனது. பொதுவாக, அடுத்த ஆண்டு பயனற்றுப்போன பந்தயக் காரை யாரோ குறைந்த விலைக்கு வாங்கி, நிறம் மாற்றி, வேறு எஞ்சின் போட்டு ஓட்டியிருப்பார்கள். பல பத்தாண்டுகள் கழித்து மதிப்பு ஏறியதும், பட்டறையில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில்கூட இல்லாத பளபளப்போடு திருப்பிக் கொடுப்பார்கள். அந்தப் பளபளப்பைக் கண்டால் நான் ஒருபடி தள்ளியே நிற்பேன். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள சிமியோன் அறக்கட்டளை அருங்காட்சியகம் இதற்கு எதிரான வழியை எடுத்தது. ஆறு மட்டுமே செய்யப்பட்ட ஷெல்பி கோப்ரா டேடோனா கூப்பேயில் முதலாவதாகச் செய்யப்பட்ட காரை, பழைய பெயின்ட், கீறல், தேய்வு ஆகியவற்றோடு அப்படியே வைத்திருக்கிறது. 2014-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதல் வாகனமாக இடம்பெற்றது அந்தக் கார்தான். கல் தெறித்த புள்ளிகளும், பெடலில் தேய்ந்த விளிம்பும் அங்கே கண்ணெதிரே இருக்கின்றன. புதுப்பித்த காரில் அவை அழிக்கப்பட்டிருக்கும், அழித்ததைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பட்டறையாலும் முடியாது.

பிரதிகளைப் பற்றியும் ஒரு சொல். ஜாகுவார் நிறுவனமே, 1957 பிப்ரவரியில் தன் பிரௌன்ஸ் லேன் தொழிற்சாலையில் நேர்ந்த தீவிபத்தில் எரிந்துபோன ஒன்பது எக்ஸ்கேஎஸ்எஸ் கார்களுக்கு ஈடாக, சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பது புதிய கார்களைப் பழைய முறையிலேயே செய்தது. அவை போலி அல்ல, அசலும் அல்ல. வடிவத்தையும் கட்டுமானத்தையும் புரிந்துகொள்ள அவை போதும். சில நேரங்களில் அசலைவிட உதவும், ஏனென்றால் அவற்றைப் பயமின்றித் திறந்து காட்டுவார்கள். காட்சியில் உள்ளது அசலா, பிரதியா, வெறும் கூடா என்று பலகையில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் அங்குள்ள ஊழியரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல அருங்காட்சியகத்தில் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள்.

நேரில் பார்க்கும்போது பின்பற்ற வேண்டியவை அதிகம் இல்லை. ஒருமுறை குனிந்து, சக்கரத்தின் நடுவளவு உயரத்தில் கண்ணை வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கையால் தட்டி வளைத்த தகடு எங்கோ ஓரிடத்தில் அலையலையாகத் தெரியும், இடப்பக்கமும் வலப்பக்கமும் இம்மி பிசகாமல் ஒத்திருக்காது. பிறகு ரிவெட் வரிசையைத் தொடர்ந்து செல்லுங்கள். நடுவில் இடைவெளி மாறினால் அங்கே பழுது பார்க்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. இயன்றால் இத்தகைய கார்கள் ஓடும் நிகழ்ச்சி ஒன்றுக்குச் செல்லுங்கள். இங்கிலாந்தின் குட்வுட் வேகத் திருவிழாவில் கார்கள் நிறுத்தும் இடத்துக்கே பார்வையாளர்கள் சென்று, எஞ்சினைச் சூடேற்றுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். ஆமணக்கு எண்ணெய் கலந்த மசகின் வாசனையும், குளிர்ந்த எஞ்சின் முதலில் இருமி, பின் ஒரே சீரான உறுமலாக மாறுவதும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கிடைக்காதவை. பழைய காரை ஓட்டினால் கெட்டுவிடும் என்பவர்களும், ஓட்டாவிட்டால்தான் கெடும் என்பவர்களும் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாற்ற முடியாத பாகங்கள் உள்ள, வரலாறு பதிந்த 722 போன்ற கார் அரிதாக மட்டுமே ஓடட்டும், அதே வகையில் பிழைத்திருக்கும் மற்ற கார்கள் அதற்குப் பதிலாக ஓடட்டும் என்பது என் நிலைப்பாடு.

அடுத்த முறை போகும்போது நேராக வலப்பக்கக் குழாய்களிடம் போய்த் தொடங்குங்கள். அங்கிருந்து பானெட்டின் உயரம், ஓட்டுநரின் பெடல்கள், சக்கரத்துக்குள் இல்லாத பிரேக் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக நகர்ந்தால், பலகையைப் படிக்க வேண்டிய தேவையே இருக்காது.